மூலையில் கிடக்கும் கணிப்பொறி

ஓராண்டு நெய்யாமல் விட்ட தறியை மீண்டும் பூட்டிப் பார்த்தவர்கள் அதன் கதியை அறிவார்கள். விழுது நூலை எலி கடித்திருக்கும், இரும்புப் பாகங்கள் துருவேறியிருக்கும், மரம் முறுக்கிக்கொண்டிருக்கும். ஒரு பருவம் ஓட்டாமல் விட்ட நீரிறைக்கும் மோட்டாரும் அப்படியே. பொத்தானை அழுத்தினால் உறுமுமேயன்றிச் சுற்றாது. உழைத்துத் தேயும் இயந்திரத்தைவிடச் சும்மா கிடக்கும் இயந்திரமே விரைவில் கெடுகிறது என்பது நெசவாளரும் விவசாயிகளும் அனுபவத்தில் கண்ட உண்மை. நம் சங்கக் காரியாலயங்களின் மூலைகளில் துணி போர்த்திக் கிடக்கும் பழைய கணிப்பொறிகளுக்கும் இவ்வுண்மை முழுவதும் பொருந்தும்.

புதுக்கோட்டையில் பல ஆண்டுகளாகக் கணிப்பொறிகளைப் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் நான். கடைக்கு வந்து சேரும் பெட்டிகளில் பெரும்பாலானவை ஒரே நாளில் கெட்டவை அல்ல. சிறுகச் சிறுகக் கவனிப்பாரற்றுக் கெட்டவை. அவற்றிலிருந்து நான் கற்ற பாடத்தை அங்கத்தினர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அப்பாடம் இதுதான்: பெட்டி போனால் வேறு பெட்டி வாங்கலாம், அதனுள் இருந்த கணக்கு போனால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கணக்கே சங்கத்தின் உயிர்

1904-ஆம் ஆண்டில் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் நம் நாட்டில் பிறந்தது. அன்று முதல் சங்கத்தின் பலம் அதன் பேரேட்டில்தான் இருந்து வருகிறது. ஓர் அங்கத்தினர் செலுத்திய பங்குத் தொகை, சிக்கன நிதி, வாங்கிய கடன், கட்டிய வட்டி ஆகியவற்றுக்குப் பேரேடே சாட்சி. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள், கூட்டுறவுச் சங்கங்களில் 16.43 லட்சம் விவசாயிகள் பெற்றிருந்த ரூ.12,110 கோடி பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாகத் தமிழக அரசு அறிவித்தது. அத்தகைய வேளையில் ஒரு விவசாயியின் பெயர் பட்டியலில் ஏறுவதும் விடுபடுவதும் சங்கக் கணக்கைப் பொறுத்ததே என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பேரேடு இருந்த இடத்தில் இன்று கணிப்பொறி இருக்கிறது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை ரூ.2,516 கோடிச் செலவில் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் ஒப்புதல் அளித்தது. புதிய ஏற்பாட்டில் கணக்கு மைய இடத்திலும் சேமிக்கப்படுகிறது, இது நன்மையே. ஆனால் புதிய பெட்டி மேசைக்கு வந்ததும் பழைய பெட்டி மூலைக்குப் போகிறது. பழைய ஆண்டுகளின் விவரங்கள் பல அதனுள்ளேயே தங்கிவிடுகின்றன. நெசவாளர் சங்கங்களோ அத்திட்டத்தில் சேர்ந்தவை அல்ல. தம் பெட்டியைத் தாமே காக்க வேண்டியவை. ஆகவே இப்பாடம் இரு சாராருக்கும் உரியது.

நெசவாளருக்கு அந்நியமன்று

கணிப்பொறி ஏதோ மாயப் பெட்டி என்று அஞ்ச வேண்டியதில்லை. 1804-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டு லியோன் நகரின் ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு இழைகளைத் தூக்கும் கருவியை அமைத்தார். ஜக்கார்டு பெட்டி என்று நம் நெசவாளர் வழங்குவது அதையே. துளை இருந்தால் இழை எழும்; இல்லையேல் எழாது. அட்டைத் துளையின் மூலம் இயந்திரத்துக்குக் கட்டளையிடும் இம்முறையே பின்னர் எண்களுக்கும் பயன்பட்டது. 1890-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு மக்கள்தொகைக் கணக்கு துளையட்டைகளின் உதவியால் எண்ணப்பட்டது. உண்டு, இல்லை என்ற அதே இரண்டு விடைகளைக் கொண்டுதான் இன்றைய கணிப்பொறியும் வேலை செய்கிறது. ஜக்கார்டு அட்டை ஒன்று கிழிந்தால் பூ வேலை கெடுவதுபோல, இதில் ஒரு முனை அழுக்கடைந்தால் முழு இயக்கமும் நின்றுவிடும்.

மேற்கே புழுதி, கிழக்கே உப்பு

நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியான விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல் வட்டாரங்கள் வறண்டவை. செம்மண் புழுதி மிகுந்தவை. அங்கிருந்து வரும் பெட்டிகளைத் திறந்தால் உள்ளே ஒரு வயல் மண் படிந்திருப்பதுபோல் தோன்றும். கிழக்கே மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வருபவற்றில் புழுதி குறைவு. ஆனால் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். உப்புக் காற்றின் ஈரம் செய்யும் வேலை அது. துணி இருப்பு வைக்கும் அறையிலேயே கணிப்பொறியையும் வைத்துள்ள சங்கங்களில் பஞ்சுத் தூசி சேர்ந்து, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளின்மேல் கம்பளிபோல் படிந்துவிடுகிறது. காற்றாடி சுற்றும், காற்று மட்டும் போகாது. கோடைக் காலத்தில் அறையே நாற்பது பாகை வெப்பத்தை நெருங்கும்போது, பெட்டி சூடேறித் தானே அணைந்துவிடும். இதைத்தான் பலர் "பெட்டி போய்விட்டது" என்று கொண்டுவருகிறார்கள்.

தூசிக்கு அஞ்சிச் சிலர் பிளாஸ்டிக் உறையை இறுக மாட்டி, உறையைக் கழற்றாமலே பெட்டியை ஓட்டுகிறார்கள். இது வாயைப் பொத்திக்கொண்டு ஏற்றம் இறைப்பதற்கு ஒப்பாகும். உறை ஓய்வு நேரத்துக்கே உரியது.

எலி, பல்லி, சிற்றெறும்பு ஆகியவற்றின் உபத்திரவமும் அதிகம். பெட்டியின் பின்புறத்தில் ஒரு தகடு கழன்றிருந்தால் அவ்வழியே சுண்டெலி புகுந்து குடியேறிவிடும். அது கம்பியைக் கடிப்பதைக் காட்டிலும், அதன் சிறுநீர் செம்புக் கோடுகளை அரிப்பதே பெரிய சேதம். அச்சிறுநீரால் மனிதருக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடுமாகையால் கையுறை அணிந்தே நாங்கள் சுத்தம் செய்கிறோம். ஒரு சிறு தகரத்தால் அந்தத் துளையை அடைத்திருந்தால் இத்தனையும் இல்லை.

இறந்ததுபோல் தோன்றுபவை

ஒரு சங்கச் செயலாளர் பழைய பெட்டி ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "தம்பி, இதற்கு உயிர் இல்லை. எடைக்குப் போட்டுவிடலாம் என்று நிர்வாகக் குழுவில் பேசினார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் முடித்துவிடலாம்" என்றார்.

"ஐயா, பத்து நிமிடம் உட்காருங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

மின் இணைப்பை நீக்கி, பெட்டியைத் திறந்து, புழுதியைத் தூரிகையால் அகற்றினேன். நினைவக அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பான் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, மீண்டும் இருக்கையில் அழுத்தினேன். பெட்டி எழுந்தது. முனைகளில் படிந்த மெல்லிய மாசுதான் அதன் "மரணம்". இவ்வாறு உயிர் பெற்றவை எண்ணிறந்தவை.

எல்லாப் பெட்டிகளும் இவ்வளவு எளிதில் எழுவதில்லை. ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை உற்பத்தியான பலகைகள் பலவற்றில், மின்தேக்கி எனப்படும் சிறு உருளைகள் தரக்குறைவான கரைசலால் நிரப்பப்பட்டிருந்தன. உலகெங்கும் அவை வீங்கி வெடித்தன. உருளையின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறக் கசிவு காணப்பட்டாலோ அதுவே நோய். சில ரூபாய் பெறும் உருளைகளை மாற்றினால் பலகை பிழைக்கும். கொள்ளளவு அதேயளவும், தாங்கும் மின்னழுத்தம் அதேயளவோ சற்று அதிகமோ இருக்க வேண்டும் என்பது விதி.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மின்னூட்டப் பெட்டியின் உள்ளே சுமார் 320 வோல்ட்டும், பழைய கண்ணாடிக் குழாய்த் திரையின் உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். இணைப்பை நீக்கிய பிறகும் அது சிறிது காலம் தங்கியிருக்கும். அவ்விரண்டையும் அங்கத்தினர் எவரும் திறக்கலாகாது.

சிறு மின்கலமும் பெரும் பிழையும்

கணிப்பொறியின் பலகையில் நாணயம் போன்ற மூன்று வோல்ட் மின்கலம் ஒன்று இருக்கிறது. பெட்டி அணைந்திருக்கும்போது உள்ளிருக்கும் கடிகாரத்தை ஓட்டுவது அதுவே. சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். மின் இணைப்பின்றி மூலையில் கிடந்தால் இன்னும் விரைவில் தீரும். தீர்ந்தால் ஒவ்வொரு காலையும் கணிப்பொறி பழைய தேதி ஒன்றுக்குத் திரும்பிவிடும்.

இது அற்பக் குறை என்று எண்ணிவிடலாகாது. நான் பார்த்த ஒரு சங்கத்தில் இரண்டு நாட்கள் யாரும் தேதியைக் கவனிக்கவில்லை. நகைக்கடனுக்குப் பணம் கட்டிய விவசாயி ஒருவர் கையில் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியிட்ட ரசீதுடன் திரும்பி வந்து, "ஐயா, இந்தத் தேதியில் நான் கடனே வாங்கவில்லையே" என்றார். அவர் படித்துப் பார்த்ததால் பிழை வெளிப்பட்டது. வட்டிக் கணக்கு திருத்தப்பட்டது. படிக்காமல் மடித்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரசீதைப் படிப்பதும் அங்கத்தினரின் கடமையே.

ஒரு சங்கம் தன் கணக்கை இழந்த வரலாறு

நான் மறக்க முடியாத நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறேன். ஒரு நெசவாளர் சங்கத்தின் கணிப்பொறியில் "டிக், டிக்" என்று ஓசை கேட்கத் தொடங்கியது. நிறுத்தி மீண்டும் ஓட்டினால் சில வேளை வேலை செய்தது. அப்படியே ஒரு வாரம் நிறுத்தியும் ஓட்டியும் பார்த்தார்கள். அடியோடு நின்ற பிறகே என்னிடம் வந்தார்கள்.

அந்த ஓசை வன்தட்டின் ஓசை. வன்தட்டினுள் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை தகட்டைத் தொடாமல், தலைமயிரின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் மிதக்கிறது. முனை கெட்டுத் தகட்டைத் தொடத் தொடங்கிவிட்டால், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அது கணக்கு எழுதப்பட்ட பூச்சையே சுரண்டிவிடக்கூடும். முதல் ஓசையிலேயே நிறுத்தியிருந்தால் பெரும்பகுதியைப் பிரதி எடுத்திருக்கலாம். ஒரு வாரத்துக்குப் பின் எடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. "வேறு பிரதி இருக்கிறதா?" என்று கேட்டேன். இருந்தது, ஆனால் அது அதே வன்தட்டின் இன்னொரு பகுதியில் இருந்தது. வீட்டின் இரு சாவிகளையும் ஒரே கிணற்றில் போட்ட கதைதான்.

தணிக்கை முடிந்த ஆண்டின் அறிக்கை காகிதத்தில் இருந்தது. அதற்குப் பிந்திய மாதங்களின் கூலிக் கணக்கும் சிக்கன நிதிக் கணக்கும் மறைந்தன. சங்கத்தார் சோர்ந்துவிடவில்லை, அங்கத்தினர்கள் யாவரையும் பாஸ் புத்தகத்துடனும் கூலிச் சீட்டுகளுடனும் வரச் சொன்னார்கள். பத்து நாட்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் பதிந்தார்கள். வயது முதிர்ந்த நெசவாளர் அம்மாள் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து தம் புத்தகத்தை எடுத்து நீட்டி, "தம்பி, இதில் இருப்பதுதானே உங்கள் பெட்டியிலும் இருந்தது?" என்று கேட்டார். அதற்கு மறுமொழி கூற அங்கிருந்த எவருக்கும் நா எழவில்லை.

ஆயினும் சிலரின் புத்தகங்களைக் கரையான் அரித்திருந்தது. அவர்கள் கட்டிய தொகைக்கு அவர்கள் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. சங்கத்தார் ஒன்று கூடி அவர்கள் சொல்லை ஏற்றுக்கொண்டனர். கூட்டுறவின் பெருமையை அன்று கண்டேன். அதே சமயம், ஏழை நெசவாளி ஒருவர் தாம் கட்டிய காசுக்குச் சபை நடுவே நின்று சத்தியம் செய்யும்படி நேர்ந்ததே என்ற வருத்தமும் என்னைவிட்டு நீங்கவில்லை. விலை குறைந்த ஒரு சேமிப்புக் கருவியில் வாரந்தோறும் பிரதி எடுத்திருந்தால் அந்த நிலை வந்திராது.

புயலுக்குப் பின் கற்றவை

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலை நம் மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கூரை பிரிந்த கட்டடங்களில் பெட்டிகள் மழையில் நனைந்தன. பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று.

நனைந்த பெட்டியைத் தண்ணீர் மட்டும் கெடுப்பதில்லை. நனைந்த நிலையில் பாய்ச்சும் மின்சாரமே பெரும்பாலும் கெடுக்கிறது. "ஓடுகிறதா, பார்ப்போம்" என்ற அவசரத்தால் அழிந்தவை பல. நனைந்த பெட்டியின் இணைப்பை நீக்க வேண்டும்; சிறு மின்கலத்தையும் கழற்ற வேண்டும்; சேறு படிந்த பலகையைத் தூய காய்ச்சி வடித்த நீரால் கழுவி, நிழலில் காற்றோட்டமாகப் பல நாட்கள் உலர்த்த வேண்டும். கடும் வெயிலில் வைத்தல் கூடாது. வெள்ளத்தில் மூழ்கிய வன்தட்டுக்கு மட்டும் விதி வேறு. அதை உலர்த்தவே கூடாது. உலர்ந்தால் அழுக்கு தகட்டின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துடனேயே காற்றுப் புகாத உறையிலிட்டு, கணக்கு மீட்கும் நிபுணரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

நீண்ட மின்தடைக்குப் பின் இன்னொரு சேதமும் நேர்ந்தது. தடையில்லா மின்கருவியின் ஈய மின்கலங்கள் மின்னூட்டம் பெறாமல் கிடந்து பயனற்றுப் போயின. ஓட்டாவிட்டாலும் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை அவற்றுக்கு மின்னூட்டம் தர வேண்டும்.

தரையிணைப்பு

நம் பாறை நிலத்தில் கோடைக் காலத்தில் மண் வறண்டு, தரையிணைப்பு பலமிழந்துவிடும். கரியும் உப்பும் இட்ட குழி அமைத்து, கோடையில் அதற்கு நீர் ஊற்றி வருவது நன்று. மூன்று முனைச் செருகியின் பெரிய முனையை ஒடித்துவிட்டு இரண்டு துளையில் மாட்டும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும். நடுநிலைக் கம்பிக்கும் தரைக் கம்பிக்கும் இடையே மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மின்பணியாளரை அழைக்க வேண்டும். இடி மின்னல் வேளையில் மின் செருகியை மட்டுமன்றி இணையக் கம்பியையும் கழற்றி வைத்தல் அவசியம்.

கழிக்க வேண்டியதைக் கழித்தல்

எல்லாப் பெட்டிகளையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதிக்கவில்லை. சிலவற்றைக் கழிக்கத்தான் வேண்டும். ஆனால் எடைக்குப் போடுமுன் இரண்டு காரியங்கள் முடிந்திருக்க வேண்டும். முதலாவது, கணக்கைப் பிரதி எடுத்துச் சரிபார்த்தல். இரண்டாவது, வன்தட்டைக் கழற்றிச் சங்கத்திலேயே வைத்தல் அல்லது அதிலுள்ளதை முற்றிலும் அழித்தல். அங்கத்தினரின் பெயர், வங்கிக் கணக்கு, ஆதார் எண் ஆகியவை அந்நியர் கையில் சேரவிடுவது நம்பிக்கைத் துரோகமாகும். மேலும் பழைய திரையின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. செம்புக்காகக் கம்பியை எரித்தால் நச்சுப் புகை எழுகிறது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒப்படைப்பதே முறை.

சங்கம் மேற்கொள்ள வேண்டியவை

வாரந்தோறும் கணக்கின் பிரதி எடுக்க வேண்டும். மொத்தம் மூன்று பிரதிகள், இரு வகைக் கருவிகளில், ஒன்று சங்கக் கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். மாதந்தோறும் தேதி, கடிகாரம், காற்றாடி ஓசை ஆகியவற்றைக் கவனித்து ஏட்டில் குறிக்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, எடுத்த பிரதியை வேறொரு பெட்டியில் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதி முளைக்குமா என்று சோதிக்காத விதையைப் போன்றது. ஆறு மாதங்களுக்கு ஒரு முறை தூசி நீக்க வேண்டும். அப்போது காற்றாடியை விரலால் பிடித்துக்கொண்டே காற்றடிக்க வேண்டும். மூலையில் இருக்கும் பழைய பெட்டியையும் கணக்கு வெளியே எடுக்கப்படும் வரை மறக்கலாகாது. இவற்றுக்கெல்லாம் பொறுப்பாளர் ஒருவரைத் தீர்மானத்தின் மூலம் நியமிப்பது நலம். எல்லாருடைய வேலையும் எவருடைய வேலையும் அல்லாமற் போகும்.

தறியை அன்றாடம் துடைப்பவர், ஏரைக் கழுவி நிறுத்துபவர் நம் அங்கத்தினர். அந்த வழக்கத்தைச் சங்கத்தின் மேசை வரை நீட்டினால் போதும். பெட்டியைக் காப்பது பெட்டிக்காக அன்று. மஞ்சள் பையில் புத்தகத்தைச் சுற்றி வைத்திருக்கும் அந்த அம்மாளுக்காக.

ஆராய்ச்சி வட்டத்திற்கான வினாக்கள்

1. நம் சங்கத்தின் கணக்குக்கு இன்று எத்தனை பிரதிகள் உள்ளன? அவை எங்கெங்கே இருக்கின்றன?

2. கடைசியாகப் பிரதியைத் திறந்து சரிபார்த்தது எந்த மாதத்தில்?

3. நம் சங்கத்தில் பயன்படாமல் கிடக்கும் பெட்டி உண்டா? அதனுள் எந்த ஆண்டுகளின் கணக்கு இருக்கிறது?

4. உங்கள் பாஸ் புத்தகத்தில் கடைசிப் பதிவு எப்போது செய்யப்பட்டது? அதைக் கரையானும் ஈரமும் அணுகாத இடத்தில் வைத்திருக்கிறீர்களா?